மாலத்தீவுக்கு எந்த மாதம்

மாலத்தீவுக்குப் போக நல்ல மாதம் எது என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. துறைமுக அலுவலகத்தில் எந்தக் கப்பலை எப்போது வெளியே விடலாம் என்று எழுதியே ஓய்வு பெற்றவன் நான். மனைவியை எப்போது கூட்டிப்போகலாம் என்பதற்குத்தான் எந்த விதியிலும் உட்பிரிவு இல்லை.

அவளுடைய அப்பா தோணியில் வெங்காயமும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு அந்தத் தீவுக்குப் போய் வந்தவர். அங்கே கடல் என்ன நிறம் என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் இவள். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி வருகிறது, போனது திரும்பாது என்று கண் டாக்டர் சொன்ன அன்று, அந்த நிறத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றாள்.

நான் பன்னிரண்டு கட்டங்கள் போட்டேன். நமக்கு ஐப்பசியில் மழை, அவர்களுக்கு ஆனியில். டிசம்பரிலிருந்து அங்கே நல்ல வெயில். ஆனால் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டைப் பூட்ட மாட்டாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் உல்லாசப் பயணம் கிடையாது. தவக்காலத்தில் கல்யாணமும் கிடையாது என்பதால் ஜனவரியிலேயே கடற்கரை முழுவதும் கல்யாணம் செய்துகொள்கிறது. பக்கத்துத் திரேஸ்புரத்திலிருந்து மட்டும் ஏழு கல்யாணப் பத்திரிகை. ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டே வந்தேன்.

தோணியை நடத்தும் தண்டலாக இருக்கிற மைத்துனனைக் கேட்டேன். வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எடுத்துவிடும், ஆவணி வரை தோணியைக் கரையில் கட்டிப்போடுவோம் என்றான். எனக்குத் தெரிந்த விதிதான். அந்த நான்கு மாதங்களையும் சிவப்பு மையால் அடித்தேன்.

காகிதத்தைக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பித் திருப்பி அதைத் தேடிப் படித்தாள். போன வருடம் அப்படிப் படிக்கவில்லை.

"ஏங்க, நாம தோணியிலயா போறோம்?"

இரண்டு வருடமாக ஒரு விமானத்துக்குத் தோணி விதியைப் போட்டு நிறுத்திவைத்திருந்தேன்.

"மழ பெஞ்சா நனைவோம். இருட்டிப் போச்சுன்னா என்ன செய்வேன்?" என்றாள்.

ஜூன் மாதம் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினோம். தீவில் இறங்கியதும் தூறல். கடற்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீரையே பார்த்தாள்.

"பச்சையா, நீலமா? எனக்குத்தான் தெரியலியா, உங்களுக்கும் தெரியலியா?"

நானும் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். சத்தியமாக எனக்கும் தெரியவில்லை. அதைச் சொன்னேன். அவள் நம்பினாளா என்பதும் தெரியவில்லை. கையை மட்டும் விடவில்லை.