ஒரே வீட்டில் இரண்டு மந்திரி

பூட்டுக்காரருக்கு எதற்கும் மாற்று ஒன்று கைவசம் இருக்க வேண்டும். சாவியைத் தொலைத்துவிட்டுப் பதறியடித்து வருகிறவர்களைக் காலமெல்லாம் பார்த்த மனுஷர். எந்தச் சாவியை அராவினாலும் கேட்காமலே கூட இன்னொன்றையும் அராவிக் கொடுத்துவிடுவார். வீட்டிலும் அதே கூத்துதான். குடை இரண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டு. நல்லவேளை, பெண்டாட்டியை மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டீர்களே என்று அவர் மனைவி குத்திக்காட்டுவாள்.

நாயும் ஒன்றுதான். யார் என்ன பேசினாலும் தலையை ஆட்டும் என்பதால் அதற்கு மந்திரி என்று பேர். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. அதன் வயிற்றில் கட்டி, இனிக் கத்தி வைத்துப் பயனில்லை, மிஞ்சினால் ஒரு மாதம் என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் பூட்டுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. அழுது தீர்த்தாரா என்றால் அதுவும் இல்லை. அதன் பக்கமே போகாமல் இருக்கப் பழகிக்கொண்டார். சோறு வைப்பது, மருந்து கொடுப்பது, தடவிக்கொடுப்பது எல்லாம் மனைவி தலையில். கடையிலிருந்து வந்தால் நேரே உள்ளறைதான். மூலையில் கிடந்தபடியே அது வாலைத் தரையில் தட்டும். காதில் விழாத மாதிரி போவார், பாவி மனுஷன்.

அது போதாதென்று, அதே பழுப்பு நிறத்தில் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இது எதுக்கு?" என்றாள் மனைவி.

"அது போயிட்டா வீடு வெறிச்சுனு ஆயிடும். இதுக்கும் மந்திரினே பேர் வச்சுடலாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது இன்னும் சாகலைங்க. நீங்கதான் அதுக்குள்ள அதைப் பொணமாக்கிட்டீங்க."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் குட்டியைக் கூடத்தின் ஓர் ஓரத்தில் விட்டு, எதிர் ஓரத்தில் உட்கார்ந்து, பேர் பழக்க ஆரம்பித்தார்.

"மந்திரி, இங்க வா."

குட்டிக்கு என்ன தெரியும்? அது மேசைக்காலைக் கடித்துக்கொண்டிருந்தது.

மூலையில் ஏதோ உரசியது. பெரியது எழுந்திருக்கப் பார்த்தது. பின்கால் மடங்கி விழுந்தது. முன்கால்களால் தரையைப் பிறாண்டி, வயிற்றை இழுத்துக்கொண்டு கூடம் முழுக்க நகர்ந்தே வந்தது. வால் மட்டும் ஓயவேயில்லை. இத்தனை நாள் ஏன் கூப்பிடவில்லை என்ற வருத்தமெல்லாம் அந்த முகத்தில் இல்லை. இப்போது கூப்பிட்டுவிட்டாரே, அது போதும் அதற்கு. வந்து அவர் முழங்காலில் மோவாயை வைத்தது.

நாளைக்கு வரப்போகும் சாவை இன்றைக்கே செத்துப் பார்க்கும் சாமர்த்தியம் மனுஷனுக்குத்தான். நாய்க்கு அதெல்லாம் வராது. கூப்பிட்டால் சந்தோஷம், அவ்வளவுதான் அதன் வேதாந்தம். பூட்டுக்காரருக்கு அது அப்போதுதான் சுருக்கென்று உறைத்தது. வெட்கமாக இருந்தது. அப்படியே தரையில் சாய்ந்து, அதைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சத்தம் கேட்டு மனைவி வந்து பார்த்தாள். குட்டி நடுவில் புகுந்து கிழ நாயின் காதைக் கடித்துக்கொண்டிருந்தது. கிழம் பொறுத்துக்கொண்டு, அவர் கண்ணீரை நக்கியது.

"குட்டிக்கு வேற பேர் வை," என்றார் அவர். "இவன் இன்னும் இருக்கான்."