அலுமாரி வேலை

என் கணவர் யோகலிங்கம் லண்டனில் புத்தர் சிலை திருத்தினார். இதை இத்தனை நாளும் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

எண்பத்தாறில் அகதியாக வந்தவருக்குப் பழைய மரச்சிலைகளைத் திருத்தும் பட்டறை ஒன்றில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. கையின் நிதானத்தைப் பார்த்த முதலாளி, உளியைக் கொடுத்து நான்கு வருடம் பழக்கினார். பர்மாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த புத்தர்களின் உடைந்த விரல், உதிர்ந்த காது எல்லாம் இவர் கையால் திரும்ப வந்தன.

எனக்கோ அது பொறுக்கவில்லை. எண்பத்து மூன்றில் கொழும்பில் எங்கள் வீட்டை எரித்தவர்கள் கும்பிட்டதும் அந்தப் புத்தரைத்தான். நாங்கள் குடியிருந்த மனோர் பார்க்கில் எங்கள் சனம் அறிந்தால் என்ன சொல்லும்? அலுமாரி செய்யும் கொம்பனியில் வேலை என்று நானே ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். அவரையும் அப்படியே சொல்லச் சொன்னேன். யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார். பொய் சொல்ல வராத மனிதர்.

தொண்ணூற்றைந்தில், வாடகை மண்டபத்தில் நாங்கள் நடத்திய சின்னக் கோயிலில், திருவிழாவுக்கு முதல்நாள் முருகனின் மர மயில் கழுத்து முறிந்து விழுந்தது. தர்மகர்த்தா பத்மநாதன் ஆணியும் சுத்தியலுமாக வந்து நின்றார். இவர் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்துவிட்டார். வீட்டுக்கு ஓடி உளிப்பையோடு வந்து, பின்னேரம்வரை குந்தியிருந்து, ஒரு ஆணிகூட இல்லாமல் கழுத்தைப் பொருத்தினார். அவர் வேலை செய்வதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை பார்க்க மறுத்திருக்கிறேன்.

புதிதாக வைத்த துண்டு மட்டும் சற்று மங்கலாகத் தெரிந்தது. அதற்கும் சாயம் பூசி ஒரே நிறமாக்கிவிடச் சொன்னார் பத்மநாதன்.

"இல்லை அண்ணை. எது பழசு, எது நான் வைச்சதெண்டு பாக்கிற ஆளுக்குத் தெரியவேணும். மறைக்கக் கூடாது."

பத்மநாதன் அசந்துபோனார்.

"உதெல்லாம் எங்கை படிச்சனீர்?"

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அத்தனை சனத்துக்கும் நடுவில், வேண்டாமென்று நான் தலையசைத்தேன்.

"அலுமாரிக் கொம்பனியிலை, அண்ணை."

அவர் வாயால் நான் கேட்ட முதல் பொய் அது. சொல்லிவிட்டுக் குனிந்து உளிகளைத் துடைத்தார். வெட்கத்தில் எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் தயங்காமல் அலுமாரி என்றார். அதை அவருக்குப் பழக்கியது நான்.