தீயைப் பற்றி நான் சொல்லாதது

எங்கள் வீட்டுக் கூடத்தில் தீப்பிடித்த அன்று வீட்டில் ஆள் யாரும் இல்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய கோடைக்காலம். நான் அப்போது கல்லல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. என் மனைவி இறந்துபோன யாரோ தெரிந்தவருடைய அடக்கப் பூசைக்காக மாதா கோவிலுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்து, சன்னல் வழியாகப் புகை வருகிறது, தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிவிட்டேன், உடனே புறப்பட்டு வாருங்கள் என்றார்.

நான் பஸ் பிடித்து, ஆட்டோ பிடித்து, செக்காலையில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது தீ அணைந்திருந்தது. வாசலில் கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி எதிர்வீட்டுச் சுவரோரம் கையில் செபமாலையோடு நின்றாள். எரிந்தது கூடம் மட்டும்தான். சோபாவில் சுருள் கம்பிகள் மிச்சம். மர பீரோ இருந்த இடத்தில் கரிக்குவியல். ஆனால் புகை எல்லா இடத்துக்கும் போயிருந்தது. சமையல் அலமாரிக்குள், மடித்து வைத்த சேலைகளுக்குள், மூடியிருந்த அரிசி டிரம்முக்குள்கூட. எதைத் தொட்டாலும் விரலில் பிசுபிசுவென்று கறுப்பு ஒட்டியது.

வண்டியில் வந்த அதிகாரி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மூலையில் மாதா சொரூபம் வைத்த பலகை. அதன் முன்னால் மெழுகு உருகிக் கிடந்தது. மனைவி தினமும் காலையில் அங்கே மெழுகுவத்தி ஏற்றுவாள். இன்றைக்கும் ஏற்றினீர்களா, அணைத்துவிட்டுத்தான் போனீர்களா என்று அவர் கேட்டார்.

"அணைச்ச மாதிரிதான் ஞாபகம்" என்றாள்.

"மாதிரின்னா என்ன? அணைச்சியா, இல்லையா?" என்று கேட்டது நான். தெருவில் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் கையிலிருந்த செபமாலையைக் குனிந்து பார்த்தாள். எல்லோருக்கும் அதுவே பதிலாகிவிட்டது. அவளுக்கும்தான்.

பக்கத்து வீட்டு மாடியில் காலியாக இருந்த ஒரு பகுதியை எங்களுக்கு விட்டார்கள். மறுநாளே வேலையை ஆரம்பித்தோம். எனக்கு அவசரம். ஈரத் துணியை எடுத்துப் படுக்கையறைச் சுவரைத் துடைத்தேன். கரி தார் மாதிரிக் குழைந்து, கை பட்ட இடமெல்லாம் இழுபட்டு, முன்பைவிட மோசமானது. பெயின்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். முதலில் தண்ணீர் படக் கூடாதாம். காய்ந்த பிரஷால் தட்டித் தட்டிக் கரியை உதிர்க்க வேண்டும், அதன் பிறகு சோடா உப்பும் சோப்பும் போட்ட வெந்நீர், அது நன்றாகக் காய்ந்த பிறகு கறையை அமுக்கிப் பிடிக்கிற பிரைமர், கடைசியில்தான் பெயின்ட். அவசரப்பட்டு மேலாக அடித்தால் ஒரு மழைக்காலத்தில் மஞ்சளாகக் கசிந்து வெளியே வந்துவிடும் என்றார். கூடத்துக் கூரையைக் கொத்தனார் கம்பால் தட்டிப் பார்த்தார். டப்பென்று வெற்றுச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் கொத்தி எடுக்கச் சொன்னார்.

நான் காலையில் பள்ளிக்கூடம் போய்விடுவேன். கரி உதிர்க்கிற வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றால் கேட்கவில்லை. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி நின்று நாள் முழுக்கத் தட்டினாள். சன்னல் கம்பிகளைத் தேங்காய் நாரால் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். சோடா உப்பு பட்டு விரலிடுக்குகள் வெடித்துவிட்டன. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். துணிகளை மூன்று தடவை துவைத்து மாடி வெயிலில் காயப்போட்டும் வாடை போகவில்லை. ஒவ்வொரு துணியையும் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஊறவைப்பாள். தன்னையே தண்டித்துக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் கோபம் இருந்ததால் தடுக்கவில்லை.

பூச்சு வேலைக்கு முன்னால் வயரிங்கை மாற்ற எலக்ட்ரீசியன் வந்தார். அன்று சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். பீரோ இருந்த மூலையில் குனிந்து வெகுநேரம் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், தீ இங்குட்டுதான் ஆரம்பிச்சிருக்கு. தரையில இருந்து சுவரு வெந்து வெடிச்சிருக்கு பாருங்க. அங்குட்டு, மாதா பலகைக்குக் கீழ சுவரு சுத்தமா இருக்கு. மேலாலதான் புகை படிஞ்சிருக்கு."

அவர் கையில் உருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டியும், அதில் ஒட்டிய ஒரு சாண் செம்புக் கம்பியும் இருந்தன. ஃபிரிட்ஜுக்கான பிளக் பாயின்ட் ஆடிப்போனதால், பீரோவுக்குப் பின்னால் வயர் இழுத்து, இரண்டு துண்டை முறுக்கி டேப் சுற்றி, அந்தப் பெட்டியை மாட்டியது நான். ஃபிரிட்ஜும் ஏர் கூலரும் அதில்தான் ஓடின. பிளக்கைத் தொட்டால் சுடுகிறது என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். பரீட்சை முடியட்டும், ஆளைக் கூப்பிடுகிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

யார் இந்த வயரைச் சேர்த்தது என்று எலக்ட்ரீசியன் கேட்டார். முன்னால் வந்த ஆள் யாரோ என்றேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். வீட்டில் இதைச் சொல்ல வேண்டாம், வீணாகப் பயப்படுவாள் என்றேன். சரி சார் என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பெட்டியை நானே எடுத்துப்போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

அன்று சாயங்காலமே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவள் களைத்துப்போயிருந்தாள். மறுநாள் கொத்தனார் இருந்தார். அப்புறம் கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் மகள் போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. இனிமேல் வீட்டில் மெழுகுவத்தியே வேண்டாம், உனக்கு மறதி கூடிப்போச்சு, அப்பா இல்லாத நேரத்தில் எதையும் பற்றவைக்காதே என்று அம்மாவைக் கடிந்துகொண்டாள். மனைவி, "ஆமா, என் தப்புதான்" என்று மட்டும் சொன்னாள். நான் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காபியை முழுவதும் குடித்தேன் என்பது இன்றைக்கும் என்னால் தாங்கமுடியாத ஞாபகம்.

இப்படியே மூன்று வாரம் போனது. கூடத்துக்குப் பிரைமர் அடித்து முடித்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோவிலிலிருந்து வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். முகம் தெளிந்திருந்தது. பாவசங்கீர்த்தனம் பண்ணியதாகச் சொன்னாள். கவனமில்லாமல் வீட்டை எரித்துவிட்டேன், புருஷனுடைய உழைப்பைச் சாம்பலாக்கிவிட்டேன் என்று சாமியாரிடம் சொன்னாளாம். அவர் ஆறுதல் சொல்லி, பரிகாரமாகச் செபமாலை உருட்டி ஐம்பத்துமூன்று மணி செபம் சொல்லச் சொன்னாராம்.

என் பாவத்தை அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. வெள்ளைச் சுவர்களுக்கு நடுவில், பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அவளை உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, வயர், எலக்ட்ரீசியன், குப்பைத் தொட்டி, எதையும் விடவில்லை.

அவள் அழுவாள் அல்லது சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "எப்பருந்து தெரியும்?" என்றாள்.

"வயரிங் பாத்த அன்னைக்கே."

"அப்ப பாப்பா போன்ல பேசுனப்பத் தெரியும்."

"தெரியும்."

வெடித்த விரல்களை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தீப்பிடிச்சதுக்கு உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் வரும். ஆனா நான் நொந்துபோயி கெடந்ததை இத்தனை நாளா பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டு இருந்தீகளே."

அவள் கேட்காமலேயே மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர் சிரித்து, விடுங்க சார், நல்லபடியா முடிஞ்சிருச்சுல்ல என்றார். தெருவில் மற்றவர்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லவா முடியும்? அவர்களில் பலருக்கு இன்றும் அது மெழுகுவத்தியால் வந்த தீதான்.

ஆடி மாதக் கடைசியில் வீட்டுக்குத் திரும்பினோம். பெயின்டர் சொன்னபடி செய்ததால் எத்தனை மழை பெய்தும் எங்கேயும் கறை கசியவில்லை. மனைவி என்னிடம் பழையபடி பேசினாள், சிரித்தாள். மகளுடைய பிரசவத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போய்வந்தோம். அந்த மூன்று வாரத்தைப் பற்றி அவள் மறுபடி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. வெளியே கிளம்பும்போதெல்லாம் அவள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிடுகிறாள். "கேஸை மூடிட்டேன். நீங்க ஒரு தடவ பாத்துருங்க" என்கிறாள். நான் பார்த்துவிட்டு மூடியிருக்கிறது என்கிறேன். அப்புறம் பின்கதவு, அப்புறம் மோட்டார் சுவிட்ச். நீ மூடினால் மூடினதுதான், நான் எதற்குப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுகிறாள். போன வாரம் கோட்டையூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, கேஸ் மூடியிருந்ததைப் பார்த்தீர்கள்தானே என்று மெதுவாகக் கேட்டாள். பார்த்தேன் என்றேன். நிச்சயமாகவா என்றாள். நிச்சயமாக என்றேன். பஸ் புறப்பட்டுவிட்டது. அவள் சன்னல் பக்கம் திரும்பி, கேஸ், பின்கதவு, மோட்டார் என்று உதட்டுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.