கிழியாத தார்ப்பாய்

மார்லிஸ் ஹாகனை நான் பத்தொன்பது வருடம் அருகிலிருந்து பார்த்தேன். லிண்ட்ஹோம் உயர்நிலைப் பள்ளியின் பெண்கள் சாஃப்ட்பால் அணிக்கு அவர் பயிற்சியாளர். நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்கோர் புத்தகம் எழுதுகிறவன். அவரைப் பற்றி ஊரில் சொல்லும் நல்லவற்றில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையாக இருப்பதால்தான் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் அயோவாவில் பெண்கள் கூடைப்பந்தை அரை மைதானத்தில்தான் ஆடினார்கள். நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு முறைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது. முழு மைதானம் ஓடினால் பெண்ணின் இதயம் தாங்காது என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். விடியுமுன் தொழுவத்தில் சாணம் வாரிவிட்டுப் பள்ளிக்கு வந்த பெண்களின் இதயங்கள் அவை. மார்லிஸ் அந்தக் கோட்டை மறக்கவே இல்லை. ஐம்பது வயதிலும், "ரெண்டு தட்டு, அப்புறம் நில்லு" என்று தரையில் காலால் கோடு கிழித்துக் காட்டுவார். சிரித்துக்கொண்டுதான் காட்டுவார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது.

அதனால் இரும்பு முள் ஷூ விவகாரத்தை அவர் கையில் எடுத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் வட்டாரத்தில் ஆறு பள்ளிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு. பேஸ்பால் ஆடும் பையன்கள் அடியில் இரும்பு முள் வைத்த ஷூ போடலாம், சாஃப்ட்பால் ஆடும் பெண்களுக்கு ரப்பர் முள்தான் என்பது அதன் விதி. ஒவ்வொரு குளிர்காலமும் கூட்டமைப்புக் கூட்டத்தில் மார்லிஸ் எழுந்து நிற்பார். எங்கள் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளர் வெர்ன் லூபென் பெருமூச்சு விடுவார்.

"ஒருத்தி சறுக்கி வந்து இன்னொருத்தி கால கிழிச்சுட்டா யாரு பதில் சொல்றது, மார்லிஸ்?"

"பசங்க கிழிச்சா யாரு பதில் சொல்றாங்களோ, அவங்களே சொல்லட்டும்."

"பசங்க வேற."

"எதுல வேற, வெர்ன்? உங்களுக்கெல்லாம் எருமைத் தோலா?"

நான்கு வருடம் சிரித்துவிட்டு மறுத்தார்கள். ஐந்தாம் வருடம் அலுத்துப்போய் அனுமதித்தார்கள். நியாயம் வென்றது என்று அவர் சொன்னார். பிடிவாதம் வென்றது என்று நான் நினைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மார்லிஸிடம் ஒரு வழக்கம் உண்டு. மே மாதம் முதல் சனிக்கிழமை, ஊர்க் கூட்டுறவுச் சங்கம் சோளக் குவியலை மூடப் பயன்படுத்தும் பெரிய நீலத் தார்ப்பாயை இரவல் வாங்கி, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் புல் சரிவில் விரிப்பார். மேலே பாத்திரம் கழுவும் சோப்பைக் கொட்டித் தண்ணீரைப் பாய்ச்சுவார். பெண்கள் ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் சாக்ஸோடு ஓடி வந்து, ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டிச் சறுக்குவார்கள். சாஃப்ட்பாலில் பந்து வந்து சேருமுன் ஓடுகிறவள் பேஸ் என்ற தரைத் திண்டைத் தொட வேண்டும். அதற்குத்தான் இந்தச் சறுக்கல். தரையில் பழகினால் தொடை உரியும் என்ற பயத்தை இப்படித்தான் போக்க வேண்டும் என்பார் மார்லிஸ். பயம் போனது. பாதி ஊர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

இரும்பு முள் வந்த வருடம் காரா நோவோட்னி என்ற பெண் புது ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினேழு வயது, அணியிலேயே வேகமானவள். அவளுடைய அம்மா டீனாவும் ஒரு காலத்தில் மார்லிஸிடம் ஆடியவர்தான்.

"கோச், ஒரே ஒரு தடவ இதப் போட்டுக்கிட்டு சறுக்கிப் பாக்கவா?"

"தார்ப்பாய் கிழிஞ்சா உங்கப்பா தச்சுத் தருவாரா?"

"எங்கப்பாவா! அவரு சட்டை பட்டனுக்கே அம்மாவக் கூப்பிடுவாரு."

"அப்போ கழட்டு. ஓடு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். இரும்பு முள்ளோடு ஒருத்திகூட ஒரு தடவைகூடச் சறுக்கிப் பழகவில்லை. ஆட்ட நாளில் நேராக மாட்டிக்கொண்டார்கள். ஒரு தார்ப்பாயைக் காப்பாற்ற நாங்கள் காட்டிய அக்கறை அது.

ஜூலை மாதம் பக்கத்து ஊரோடு ஆட்டம். காரா விடிகாலையிலிருந்து வயலில் விதைச் சோளத்தின் ஆண்பூவைக் கூலிக்குக் கிள்ளிவிட்டு, முழங்கையெல்லாம் இலைக் கீறலோடு வந்திருந்தாள். முந்தின நாள் மழையில் தரை ஈரமாக இருந்தது. ஆட்டத்துக்கு முன் அம்பயர் வழக்கம்போலக் கேட்டார்: "உங்க பிள்ளைங்க ஷூவெல்லாம் விதிப்படி சரியா போட்டுக்கிட்டு வந்திருக்காங்களா?" மார்லிஸ் நிமிர்ந்து நின்று, "வந்திருக்காங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக ஐந்து வருடம் போராடியவரின் குரல் அது.

நான்காவது சுற்றில் காரா முதல் பேஸிலிருந்து இரண்டாவதற்குப் பாய்ந்தாள். எதிரணிப் பெஞ்சிலிருந்து, "ஏய், தகரக் காலு! மெதுவா வாடி!" என்று ஒருத்தி கத்தினாள். காரா சறுக்கினாள். நீட்டிய காலின் குதிகால் தரையில் இறங்கியது. சோப்புத் தண்ணீரில் நூறு முறை அப்படி இறங்கி, வழுக்கிக்கொண்டே போயிருக்கிறது. இங்கே இரும்பு மண்ணைக் கவ்வியது. பாதம் அங்கேயே நின்றுவிட்டது. உடம்பு போய்க்கொண்டிருந்தது.

அம்பயர் இரு கைகளையும் விரித்தார்: பந்துக்கு முன்னால் வந்துவிட்டாள் என்று அர்த்தம். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நான் அதைப் புத்தகத்தில் எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவள் அலறினாள்.

கணுக்கால் மூன்று இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைத்துத் திருகினார்கள். அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்த கல்லூரியின் பயிற்சியாளர் ஒருமுறை நலம் விசாரித்தார். பிறகு அழைக்கவில்லை.

மருத்துவமனையிலிருந்து நாங்கள் இருவரும் திரும்பும்போது மார்லிஸ் காரை வயல் ஓரமாக நிறுத்தினார்.

"குதிகால் இறங்குது. சறுக்கறப்ப அது தரையில படவே கூடாது. நான் பாத்திருக்கேன். அவளுக்கு மட்டுமில்ல, பாதிப் பேருக்கு இறங்குது. சோப்புல போறப்ப எனக்கு அது பெருசாத் தெரியல."

"கூட்டத்துல சொல்வீங்களா?"

"சொல்லித்தான் ஆகணும். இல்லன்னா ஷூவத் தூக்கிடுவாங்க. மறுபடி கோடு போட்டுருவாங்க."

அவர் சொல்வார் என்றுதான் நம்பினேன்.

ஆகஸ்டில் எங்கள் பள்ளி நூலகத்தில் இதற்காகவே கூட்டமைப்பின் கூட்டம். வெர்ன் வாசலிலேயே அவரை நிறுத்தினார். பயிற்சியாளர் பொறுப்பு வருடா வருடம் புதுப்பிக்கப்படுவது. அந்தக் காகிதம் இன்னும் கையெழுத்தாகாமல் வெர்ன் மேசையில்தான் இருந்தது.

"ஷூதான் காரணம்னா யார் மேலயும் பழி இல்ல, மார்லிஸ். ஷூ இல்லன்னா, வேற என்னன்னு இன்சூரன்ஸ்காரன் வந்து கேப்பான். யோசிச்சுக்க."

உள்ளே ஒருவர், "பொண்ணுங்களுக்கு இதெல்லாம் தேவையா?" என்று ஆரம்பித்தார். அதற்குள் டீனா எழுந்தார். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, அதே சீருடையோடு வந்திருந்தார்.

"அந்த ஷூவ வாங்கிக் குடுத்தது நான். அவ பொறந்த நாளுக்கு. ரப்பரே போதும்னு அவ அப்பா சொன்னாரு, நான்தான் கேக்கல." பிறகு மார்லிஸ் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க கோச். ஷூதானா?"

மார்லிஸ் மேசையைப் பார்த்தார்.

"தரை ஈரமா இருந்துச்சு, டீனா. முள்ளு மண்ணக் கவ்விக்கிச்சு."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யே சொல்லாமல் ஒருவரால் எவ்வளவு தூரம் போய்விட முடியும் என்பதை அன்று பார்த்தேன்.

"அப்போ நான்தான்," என்றார் டீனா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

பள்ளிக்கு ஒரு வாக்கு. அணியின் பயிற்சியாளர்தான் கை தூக்க வேண்டும். பெண்களுக்கு இரும்பு முள் வேண்டாம் என்று ஆறு கைகள் உயர்ந்தன. மார்லிஸின் கை நான்காவது. பையன்களின் ஷூவைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். எனக்கும் வாய் இருந்தது.

மார்லிஸின் காகிதத்தில் அந்த வாரமே கையெழுத்தானது.

அடுத்த மே மாதமும் தார்ப்பாய் விரிக்கப்பட்டது. வழக்கத்தை நிறுத்தினால் ஏன் என்று யாராவது கேட்பார்கள். காரா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அம்மா வேலை பார்க்கும் இல்லத்திலேயே சமையலறையில் சேர்ந்திருந்தாள். நடக்கும்போது இடது கால் ஒரு கணம் பிந்தி வந்தது. சரிவில் கூச்சல், சோப்பு நுரை, சிரிப்பு. அவள் தார்ப்பாயை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஒரு கீறல்கூட இல்லாம வச்சிருக்கீங்களே, கோச்."

மார்லிஸ் தண்ணீர்க் குழாயைக் கை மாற்றிக்கொண்டார்.

"சங்கத்தோடதும்மா. திருப்பித் தரணும்ல."

அடுத்த பெண் ஓடி வந்து சறுக்கினாள். நீட்டிய காலின் குதிகால் இறங்கியது. மூன்று பேரும் பார்த்தோம்.

"நல்லாருக்கு," என்றார் மார்லிஸ். "அடுத்தது யாரு?"