பின்கதவும் கேதீஸ்வரனின் ஐந்து நிமிடப் பேச்சும்

கேதீஸ்வரன் யாரையும் எதிர்த்துப் பேசியவர் அல்ல. கிளிநொச்சித் தபாற்கந்தோரில் பதினெட்டு வருடம் இருந்தபோதும் அப்படித்தான். கங்காரு நாட்டுக்குப் படகில் வந்து, விசா கிடைத்து, 2012இல் மல்கிரேவில் விக்னராஜாவின் ரோல்ஸ் சிற்றுண்டி பக்டரியில் பெட்டி கட்டச் சேர்ந்தபோதும் அப்படித்தான். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால், இவர்தான் மன்னிப்புக் கேட்டு ‘சொறி’ சொல்வார்.

சனிக்கிழமைகளில் நூலகத்தில் ஆங்கில வகுப்புக்குப் போவார். ஒருநாள் ரீச்சர், ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசவேண்டும் என்று தலைப்புகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார். பக்கத்தில் இருந்த இந்திரகுமாருக்குக் கங்காரு வந்தது. கேதீஸ்வரனுக்கு வந்தது, நூறு வருடங்களுக்கு முந்திய அமெரிக்கத் தொழிலாளர் சீர்திருத்தம்.

“மாத்துவமோ?” என்று கெஞ்சினார்.

“செத்தாலும் கங்காருவைத் தரமாட்டன்,” என்றார் இந்திரகுமார்.

வேறு வழியில்லாமல் புத்தகம் எடுத்து வாசித்தார். 1909இல் நியூயோர்க்கில் சட்டை தைக்கும் தொழிலாளர் இருபதாயிரம் பேர், பெரும்பாலும் இளம் பெண்கள், வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். 1911இல் அதே நகரில் ஒரு தையல் ஆலை தீப்பிடித்தது. களவு போகும் என்று ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்ததால் பலருக்கு வெளியே வர வழியில்லை. நூற்று நாற்பத்தாறு பேர் செத்துப்போனார்கள். அந்த எண்ணை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகும்போதெல்லாம் அவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ரோல்ஸ் பொரிக்கும் அருந்ததிக்கும் மற்றவர்களுக்கும் அதைத் தமிழில் சொல்லிக் காட்டினார்.

“என்னத்துக்குக் கதவைப் பூட்டினவங்கள்?” என்று கேட்டாள் அருந்ததி.

“சாமான் களவு போகுமெண்டு.”

எல்லாரும் மெல்லத் தலையைத் திருப்பினார்கள். பின்கதவில் உள்ளங்கை அளவு பூட்டு. போன வருடம் இரண்டு பெட்டி ரோல்ஸ் காணாமற்போன நாளிலிருந்து அங்கே தொங்குகிறது.

கேதீஸ்வரன் அதைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பேச்சை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். “எல்லாரும் ஒரேயடியா வேலையை விட்டிட்டு றோட்டில இறங்கிச்சினம்!”

கண்ணைத் திறந்தால் எதிரே முதலாளி விக்னராஜா.

“ஆர் இறங்கினது?”

“இருபதாயிரம் பேர், அண்ணை.”

“இஞ்ச பதினாலு பேர்தானே நிக்கிறியள்!”

“இது அமெரிக்காவில, அண்ணை. சனிக்கிழமை ரீச்சருக்குச் சொல்லவேணும்.”

“ரீச்சர் எந்த யூனியன்?”

“லைப்ரரி, அண்ணை.”

அருந்ததி எழும்பினாள். “அண்ணை, அந்தக் கதவின்ர திறப்பு எங்க?”

“என்னட்டத்தான்.” விக்னராஜா திறப்புக் கொத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பூட்டில் போட்டுப் பார்த்தார். கார்த் திறப்பைக்கூடப் போட்டுப் பார்த்தார். கடைசியில் மனைவிக்குப் போன் எடுத்தார். பூட்டின் திறப்பு வீட்டில், குசினி மேசை லாச்சிக்குள் கிடந்தது.

அடுப்பில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் எண்ணெயைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பக்கத்துக் கராஜில் வெட்டுகருவி ஒன்றை இரவல் வாங்கிவந்து, தன் கையாலேயே பூட்டை வெட்டினார். கதவு அப்போதும் திறக்கவில்லை. வெளியே ஆளுயரத்துக்குப் பலகைகள். அங்கே அடுக்கச் சொன்னவரும் அவர்தான். பலகைகளை எடுத்து முடிக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

அன்று கேதீஸ்வரன் வீட்டுக்கு வந்து கதிரையில் பொத்தென்று இருந்தார். “வேலை போச்சு,” என்றார்.

மனைவி வசந்தினி முழுவதையும் கேட்டாள். “கதவு திறந்திட்டுதோ?”

“ஓம்.”

“அப்ப கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ.”

வேலை போகவில்லை. அடுத்த நாள் விக்னராஜா எல்லாரையும் கூப்பிட்டு, பாதுகாப்புப் பிரதிநிதி ஒருவரைத் தெரிவுசெய்யச் சொன்னார். பதின்மூன்று கைகள் கேதீஸ்வரனுக்காக உயர்ந்தன. தனக்கு வேண்டாம் என்று சொல்ல அவரும் கையைத் தூக்கினார். அதையும் சேர்த்து எண்ணி, ஏகமனதாகத் தெரிவு என்று எழுதிவிட்டார்கள்.

சனிக்கிழமை அவருடைய ஐந்து நிமிடம் அரை மணித்தியாலமானது. கங்காரு அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போனது. நூற்று நாற்பத்தாறு என்ற இடத்தில் அவர் நின்றபோது யாரும் அவசரப்படுத்தவில்லை.

அதன்பிறகு திங்கட்கிழமைதோறும் பக்டரியைச் சுற்றிப் பார்ப்பது அவர் வேலையானது. “அண்ணை, குறை நினைக்காதேங்கோ, இந்தப் பெட்டி வழியில நிக்குது,” என்பார், கேட்டும் கேட்காத குரலில்.

“நீர் சத்தம் போட்டாலாவது நான் திருப்பிச் சத்தம் போடலாம்,” என்று புறுபுறுத்தபடி விக்னராஜா பெட்டியைத் தூக்குவார்.