றினாஸ் அடித்த லைட்

தெமோதரை ஸ்டேஷன் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நிமலன் குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்று பொலீசுக்குப் போன் போட்டது றினாஸ்தானாம்.

ஹாலி எலப் பக்கத்து வளைவில் பொலீஸ்காரர்கள் மறித்து, நிமலனைப் பலூன் ஊதச் சொன்னார்கள். ஊதினான். பிணையில் அவன் வந்தான், லைசன்ஸ் வரவில்லை. தீர்ப்பில் அது ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ போகலாம் என்றார் லோயர். போனால் ஸ்டாண்டில் அவன் இடம் போகும். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஆறு பேரைப் பண்டாரவளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற ஓட்டமும் போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், போகிற இடம் றினாஸாக இல்லாதிருந்தால்.

றினாஸ் போன வருடம்தான் ஸ்டாண்டுக்கு வந்தவன். குடிப்பது பிளேன்டீ மட்டும். சீட்டுக்குப் புது உறை, முன்னால் பால்போல வெள்ளையடிக்கிற எல்.ஈ.டி. லைட். கொழுந்து பறித்துவிட்டு வந்த நிமலனின் மனைவி விஜயலெட்சுமி ஒருநாள், "அந்தத் தம்பி வண்டியில ஏறுனா கோயிலுக்குள்ள போன மாதிரி இருக்குங்க" என்றாள். அன்றைக்கு நிமலன் கோபத்தில் சோற்றைத் தொடவில்லை, இரண்டாம் தட்டுச் சோற்றை.

காட்டிக் கொடுத்தவன் யாராயிருந்தாலும் ஊதினது நீதானே என்று லோயர் சொல்லிப் பார்த்தார். நிமலன் கேட்கவில்லை. வஞ்சகத்தில் மாட்டிவிட்டார்கள் என்று நிரூபித்தால் நீதவான் மனம் இளகும் என்று நம்பினான். சாட்சி தேடிப் புறப்பட்டான். ஸ்டாண்டில் துஷாந்தைக் கேட்டான். தான் டீக்கடை இராமையாவிடம் கேள்விப்பட்டதாகத் துஷாந்த் சொன்னான். இராமையாவிடம் போய்க் கேட்டபோது அவர் டீயை ஆற்றுவதை நிறுத்தவேயில்லை.

"நீதானப்பா சொன்ன. இந்தப் பெஞ்சுல ஒக்காந்துதான் சொன்ன."

"நான் சந்தேகமாத்தானே சொன்னேன்."

"நாங்க சந்தேகமில்லாம சொல்லிட்டோம்."

வழக்கு நாளன்று பஸ் தவறியது. பதுளைக்குப் போக றினாஸின் ஆட்டோதான் கிடைத்தது. கோயிலுக்குள் போன மாதிரி இருக்கக் கூடாது என்று நிமலன் வழியெல்லாம் முகத்தைச் சுளித்தபடி வந்தான். நீதவான் அபராதம் போட்டு, லைசன்ஸை ஆறு மாதம் நிறுத்தினார்.

திரும்பி வரும்போது அந்த வளைவு வந்தது. நிமலனால் அடக்க முடியவில்லை. "அன்னிக்கு நீ எனக்கு எதுக்கத்தானே வந்த. பொலீசுக்குச் சொன்னது நீயா?" என்று கேட்டுவிட்டான்.

றினாஸ் வண்டியை ஓரங்கட்டினான். "நான் லைட் அடிச்சேனே அண்ணே. ரெண்டு தரம் அடிச்சேன். நீங்க திருப்பி அடிச்சிட்டு நேரா அவங்கட்டயே போய் நின்னீங்க."

எதிரே வருகிறவன் இரண்டு தரம் லைட் அடித்தால் முன்னால் பொலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். அந்த ரோட்டில் ஸ்டியரிங் பிடிக்கிற யாருக்கும் இது தெரியும். நிமலனே எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறான். ஆனால் அன்று காதுகுத்து வீட்டில் மூன்று கிளாஸ் போட்டுவிட்டு, சாயங்கால மூடுபனிக்குள் அந்த வெள்ளை வெளிச்சத்தைக் கண்டதும் அவனுக்கு ஒன்றுதான் தோன்றியது: புது லைட்டைக் காட்டிப் பீற்றிக்கொள்கிறான். தன் மஞ்சள் லைட்டை முழுசாகப் போட்டு, அவன் பார்க்கட்டும் என்று வேகத்தையும் கூட்டினான். பொலீஸ்காரர்களுக்குக் கை காட்டி மறிக்கிற வேலைகூட அதிகமிருக்கவில்லை.

வண்டி மறுபடி கிளம்பியது. றினாஸ் கேட்காமலே, இனி அவன் ஏற்றிப்போகப்போகிற பிள்ளைகளைப் பற்றி நிமலன் சொல்ல ஆரம்பித்தான். எந்தப் பிள்ளை எந்த லயத்தில் நிற்கும், எது காலில் சப்பாத்தை மாட்ட மறந்துவிட்டு ஓடிவரும், மேல் லயத்துச் சின்னவள் எந்த ஏற்றத்தில் வாந்தியெடுப்பாள். "ஒரு பிளாஸ்டிக் பை எப்பவும் வச்சுக்க. இல்லாட்டி ஒன் புது உறை காலி" என்றான். காலியானால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும் என்று உள்ளே ஓர் ஆசை எட்டிப்பார்க்காமலில்லை.

ஸ்டாண்டில் நிலைமை வேறு. காட்டிக் கொடுத்தவன் என்று றினாஸோடு யாரும் டீ குடிப்பதில்லை. அவன் முறை வந்தால் அடுத்தவன் வண்டியை முன்னால் எடுக்கிறான். இரண்டே வார்த்தையில் நிமலன் அதைத் தீர்த்துவிடலாம். தீர்க்கத்தான் மறுநாள் காலை போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தான். எல்லோரும் இருந்தார்கள். வாயைத் திறந்தான். அந்நேரம் பார்த்து எதிரே றினாஸின் வண்டி நின்றது. பிள்ளைகள் ஆறு பேரும் அதற்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நிமலன் திறந்த வாயில் டீயை ஊற்றிக்கொண்டான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.