பயன்படுத்துவோர்: இல்லை

பொம்மனஹள்ளியைத் தாண்டி, கல் எடுத்துக் கைவிட்ட ஒரு குவாரியை மரக்காடாக்கும் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. பாசனம் என் பொறுப்பு. பள்ளத்தில் தேங்கிய மழைநீரை மோட்டார் வைத்து ஏற்றி, கன்றுகளுக்குச் சொட்டு நீர்க் குழாயில் விட வேண்டும். அனுமதிப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: இந்தத் தண்ணீரை இப்போது யாராவது பயன்படுத்துகிறார்களா? ஆம் என்றால், அவர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கியாக வேண்டும்.

நான் எதையும் பட்டியல் போட்டுச் செய்பவள். அன்றைய பட்டியல்: பள்ளத்தின் ஆழம், நீரின் உப்பு, மோட்டார் வைக்கும் இடம், குடியிருப்பவர்களின் வாக்குமூலம். முதல் மூன்றும் பதினொரு மணிக்குள் முடிந்தன.

குவாரி ஓரத்தில் இருபது வீடுகள் இருக்கும். கல் உடைக்க வந்து, குவாரி மூடிய பின்னும் தங்கிவிட்ட தமிழர்கள். வீடுகளுக்குப் பின்னால் கீரைப் பாத்திகள், அப்போதுதான் தண்ணீர் ஊற்றிய ஈரத்தோடு. அங்கே நின்ற இரண்டு பெண்களிடம் கன்னடத்தில் கேட்டேன். நானும் வீட்டில் தமிழ் பேசுகிறவள்தான். ஆனால் தமிழ்ப் பெண் என்று தெரிந்தால் உரிமையோடு எதையாவது கேட்பார்கள், வேலை இழுக்கும் என்று நினைத்தேன்.

இளையவர் மூத்தவரிடம் திரும்பினார்.

"என்னக்கா, கீரைக்கு ஊத்துறோம்னு சொல்லிடவா?"

"வாயத் தொறக்காதடி. திருட்டுத் தண்ணின்னு எழுதிக்கும். அப்புறம் வீட்டையும் காலி பண்ணுன்னு வந்து நிக்கும்."

"மூஞ்சியப் பாத்தா நல்ல பொண்ணாட்டம் இருக்குது."

"நோட்டு வெச்சிருக்கிறவ எவடி நல்லவ?"

பிறகு மூத்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாவு ஆ நீரு முட்டோதில்ல மேடம்." அந்தத் தண்ணீரைத் தொடுவதே இல்லையாம்.

பயப்படாதீர்கள், சொன்னால்தான் பங்கு கிடைக்கும் என்று தமிழில் ஒரு வாக்கியம் போதும். சொன்னால் வரைபடத்தைத் திருத்த வேண்டும், கன்றுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய படிவம் தள்ளிப்போகும். இதுவும் பட்டியலாகவே மனதில் ஓடியது. 'இல்லை' என்று எழுதி நீட்டினேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் சொன்னதைத்தானே எழுதினேன் என்று திரும்பும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அனுமதி வந்தது. கம்பி வேலி வந்தது. கோடையில் குழாய்களைச் சோதிக்கப் போனபோது வேலிக்கு உள்ளே கன்றுகள் துளிர்த்திருந்தன. வெளியே பாத்திகள் வெடித்துக் கிடந்தன. மூத்தவர் குடத்தோடு வேலியோரம் வந்து, இரண்டு குடமாவது விடும்படி கன்னடத்தில் கெஞ்சினார். என்னால் கன்னடத்தில் பதில் சொல்ல முடியவில்லை.

"ஒரு மனு எழுதித் தரேங்க்கா. கையெழுத்துப் போட்டா உங்க பங்கைக் கேக்கலாம்."

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"தமிழா நீ?"

"ஆமாங்க்கா."

"அப்போ அன்னிக்கு நாங்க பேசினது?"

"புரிஞ்சுது."

"புரிஞ்சும் எழுதிக்கினு போனியா?"

மனு எழுத நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். வேலி வழியாக நீட்டிய காகிதத்தை அவர் தொடவில்லை. "அத நீயே வெச்சுக்க. மொதல்ல தண்ணியத் தொறந்து வுடு" என்றார்.

ஒரு குழாயின் கடைசி மூடியைக் கழற்றி வேலிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். சொட்டுக் குழாய் ஆனதால் விரல் கனத்துக்குத்தான் வந்தது. குடம் நிறைய வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அவர் குடத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனுவை நானே, என் பெயரில் கொடுத்தேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்குத் தண்ணீர் விட இப்போது அனுமதி வந்திருக்கிறது. மேலாளர் என் கவனத்தைப் பாராட்டினார். அந்த மனுவில், குடியிருப்பவர்கள் இந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது "பின்னர் தெரியவந்தது" என்றுதான் எழுதியிருக்கிறேன்.